பாவ அறிக்கை யாரிடம்? கடவுளிடம் மட்டுமா, குருவிடமா, பாதிக்கப்பட்டவரிடமா?

செய்த தவறு ஒன்று வருடக்கணக்காக உள்ளே கிடந்து அரிக்கிறது. ஜெபிக்க உட்கார்ந்தால் அதுதான் முதலில் வந்து நிற்கிறது. நற்கருணை வாங்க எழுந்து போகும்போது கால் தயங்குகிறது. மன்னிப்பு வேண்டும் என்பதில் சந்தேகமில்லை. அதற்காக யாரிடம் போய் வாய் திறப்பது என்பதில்தான் குழப்பம். கதவைச் சாத்திக்கொண்டு ஆண்டவரிடம் மட்டும் சொல்லலாம். குருவானவரையோ போதகரையோ தேடிப்போய் ரகசியமாகச் சொல்லலாம். யாருக்குத் தீங்கு செய்தோமோ அவர் வீட்டுக்கே போகலாம். சபை நடுவில் எழுந்து நின்று சாட்சியாகச் சொல்வதும் சில இடங்களில் வழக்கம்.

நம் ஊரில் இதற்கான பதிலைப் பலரும் சபையின் பெயரிலேயே வைத்திருக்கிறோம். ஆர்.சி. என்றால் ஃபாதரிடம் போக வேண்டும், சி.எஸ்.ஐ.யோ பெந்தெகொஸ்தேயோ என்றால் நேராக ஆண்டவரிடம், அவ்வளவுதான். எனக்கு இது போதுமானதாகத் தெரியவில்லை. எந்தச் சபையில் இருந்தாலும், செய்த பாவம் எப்படிப்பட்டது, அதில் யார் என்ன இழந்தார் என்பதை வைத்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஒரே வழியோடு நின்றுவிட முடியாத பாவங்களும் உண்டு.

பேச வசதியாக ஓர் உதாரணத்தை வைத்துக்கொள்வோம். அப்பா இறந்த பிறகு கிராமத்து நிலத்தைத் தன் பெயருக்கு மாற்றிக்கொள்ள நினைக்கிறான் ஒரு தம்பி. வெளியூரில் வாழும் அக்காவிடம், "சும்மா ஒரு ஃபார்மாலிட்டிதான்" என்று சொல்லி தன் பங்கை விட்டுக்கொடுப்பதாகச் சொல்லும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கிவிட்டான். பதினைந்து வருடம் ஆகிவிட்டது. அக்கா இன்றுவரை ஒன்றும் கேட்கவில்லை. தம்பிக்குத்தான் தூக்கம் வரவில்லை. நம் குடும்பங்களில் இது அபூர்வமான கதை இல்லை.

முதலில் நேரடி வழி. இதற்கு வேதத்தில் ஆதாரம் தேட வேண்டியதே இல்லை. "நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால்" அவர் மன்னிப்பார் என்று யோவானின் முதல் நிருபம் சொல்கிறது; நடுவில் இன்னொரு ஆளை வைக்கவில்லை. ஆலயத்தின் தூரத்தில் நின்று மார்பில் அடித்துக்கொண்ட ஆயக்காரன், அதாவது வரி வசூலிப்பவன், "பாவியாகிய என்மேல் கிருபையாயிரும்" என்ற ஒரே வரியோடு நீதிமானாக வீடு திரும்பினான். தேவனுக்கும் மனிதருக்கும் நடுவே மத்தியஸ்தர் ஒருவரே, அவர் கிறிஸ்து இயேசு என்று பவுல் தீமோத்தேயுவுக்கு எழுதியதைப் புராட்டஸ்டண்டு சீர்திருத்தச் சபைகள் அடித்தளமாகப் பிடித்துக்கொண்டன. 1517-இல் ஜெர்மன் சீர்திருத்தவாதி மார்ட்டின் லூத்தர் வெளியிட்ட 95 கருத்துரைகளில் முதலாவதே மனந்திரும்புதலைப் பற்றியதுதான்: விசுவாசியின் முழு வாழ்க்கையும் மனந்திரும்புதலாக இருக்க வேண்டும் என்று கிறிஸ்து விரும்பினார் என்கிறது அது. வருடத்துக்கு ஒருமுறை போய் முடித்துவிட்டு வரும் காரியமாக அதை அவர் பார்க்கவில்லை.

கத்தோலிக்கத் திருச்சபை இந்த வழியை மறுக்கிறது என்று நம்மில் பலர் நினைக்கிறோம். அப்படியில்லை. கடவுள்மேல் உள்ள அன்பினாலேயே பிறக்கும் உத்தம மனஸ்தாபம், அதாவது செய்த பாவத்துக்கான மனவருத்தம், சாவான பாவம் என்னும் மிகக் கனமான பாவத்துக்கும் மன்னிப்பைப் பெற்றுத்தரும் என்பது அவர்களுடைய போதனைதான். முடிந்தவரை சீக்கிரமாகப் பாவசங்கீர்த்தனம் (குருவிடம் பாவ அறிக்கை) செய்வேன் என்ற உறுதி அதோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான். 2020 மார்ச்சில் கொரோனாவால் ஆலயங்கள் மூடப்பட்டபோது வத்திக்கான் இதை மறுபடியும் நினைவுபடுத்தியது.

அப்படியானால் நம் தம்பி இன்று இரவே முழங்காலில் நின்று முடித்துவிடலாமே? தொடங்கலாம், தொடங்கவும் வேண்டும். ஆனால் தனியாகச் சொல்லும்போது வார்த்தைகள் மங்கலாகிவிடும். "ஆண்டவரே, தெரிந்தும் தெரியாமலும் செய்த பாவங்களை மன்னியும்" என்று சொல்வது எளிது. "எங்க அக்காவை ஏமாத்தி நிலத்தை எழுதி வாங்கினேன்" என்று சொல்லுவதற்கு நாக்கு எழாது. ஞாயிறு ஆராதனையில் எல்லோரும் சேர்ந்து சொல்லும் பொதுப் பாவ அறிக்கை அழகானது, ஆழமானது. ஆனால் அதன் பின்னாலும் ஒளிந்துகொள்ள முடியும்.

தாவீதின் 51-ஆம் சங்கீதத்தை நேரடி அறிக்கைக்கு மேற்கோளாகக் காட்டுவார்கள். "தேவரீர் ஒருவருக்கே விரோதமாக" பாவம் செய்தேன் என்று அதில் வருகிறது, உண்மைதான். ஆனால் அந்தச் சங்கீதத்தின் தலைப்பைப் படியுங்கள். நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் வந்தபோது பாடியது என்று இருக்கும். உரியாவைச் சாகடித்து அவன் மனைவியை எடுத்துக்கொண்ட பிறகு தாவீது தானாக அழுததாக வேதம் சொல்லவில்லை. பெத்சேபாளுக்குக் குழந்தையும் பிறந்துவிட்டது. ஓர் ஏழையின் ஒரே ஆட்டுக்குட்டியைப் பணக்காரன் பிடுங்கிய கதையைச் சொல்லி, "நீயே அந்த மனுஷன்" என்று முகத்துக்கு நேரே சொல்ல ஓர் ஆள் தேவைப்பட்டது. அதற்குப் பிறகுதான் தாவீது வாய் திறந்தார்.

இதுதான் இரண்டாவது வழிக்கு உள்ள பலம். இன்னொரு மனிதக் காது இருக்கும்போது பாவத்துக்குப் பெயர் வைத்தாக வேண்டும்.

கத்தோலிக்க வழக்கத்தில் இதன் வரலாறு நீளமானது. உயிர்த்த இயேசு சீடர்கள்மேல் ஊதி, நீங்கள் மன்னிக்கிற பாவங்கள் மன்னிக்கப்படும் என்று சொன்னதாக யோவான் 20-ஆம் அதிகாரத்தில் வருவதே அதன் ஆதாரம். 1215-இல் திருச்சபையின் பொதுச்சங்கமாகக் கூடிய நான்காம் லாத்தரான் சங்கம் வருடத்துக்கு ஒருமுறையாவது பாவசங்கீர்த்தனம் செய்ய வேண்டும் என்று விதித்தது. 1551-இல் திரெந்து சங்கம் மனஸ்தாபம், அறிக்கை, பரிகாரம் என்ற மூன்றையும் இந்த அருட்சாதனத்தின் (திருச்சபையின் புனிதச் சடங்கின்) பகுதிகளாக உறுதிப்படுத்தியது. தமிழுக்கும் இதில் இடமுண்டு. முத்துக்குளித்துறையில் உழைத்த சேசு சபைக் குரு ஹென்றிக்கே ஹென்றிக்கஸ், பாவசங்கீர்த்தனத்துக்கான கையேடு ஒன்றைத் தமிழில் எழுதி 1580-இல் கொச்சியில் அச்சிட்டார். தமிழில் அச்சேறிய மிகப் பழைய நூல்களில் ஒன்று, மனிதர் தன் பாவத்தைத் தன் சொந்த மொழியில் சொல்லக் கற்றுக்கொடுத்த புத்தகம். அதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

இன்று இது நடக்கும் விதம் எளிமையானது. கடைசியாக எப்போது பாவசங்கீர்த்தனம் செய்தோம் என்பதைச் சொல்லி, கனமான பாவங்களை அவற்றின் வகையோடும் எண்ணிக்கையோடும் சொல்ல வேண்டும். குருவானவர் புத்தி சொல்லி, ஒரு பரிகாரம் கொடுத்து, மனஸ்தாப மந்திரம் சொல்லச் சொல்லி, பாவப்பொறுத்தல் வழங்குவார். கேட்டதை அவர் யாரிடமும், எந்தக் காரணத்துக்காகவும் வெளியிட முடியாது. 1983-இல் வந்த திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 983-ஆம் விதி இந்த ரகசியம் மீற முடியாதது என்கிறது. அதை நேரடியாக மீறும் குருவுக்குத் தானாகவே சபைவிலக்கம் விழும். இந்த அளவு உறுதியான பாதுகாப்பு வேறு எந்த வழியிலும் இல்லை என்பதை ஒப்பிடும்போது சொல்லியே ஆக வேண்டும்.

சீர்திருத்தச் சபைகளில் இது இல்லவே இல்லை என்பதும் தவறான எண்ணம். லூத்தர் தனி அறிக்கையைக் கட்டாயமாக்க மறுத்தார். ஆனால் அதைத் தன்னிடமிருந்து யாரும் பிடுங்கவும் விடமாட்டேன் என்று பிரசங்கித்தார். லூத்தரைச் சேர்ந்தவர்களின் விசுவாச அறிக்கையான 1530-இன் ஆக்ஸ்பர்க் அறிக்கை தனிப் பாவ மன்னிப்பைச் சபைகளில் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. எல்லாப் பாவத்தையும் ஒன்றுவிடாமல் எண்ணிச் சொல்ல வேண்டியதில்லை, அது யாராலும் முடியாது என்று மட்டும் சேர்த்துக்கொள்கிறது. 1706-இல் தரங்கம்பாடியில் லுத்தரன் மிஷனரி சீகன்பால்க் வந்து இறங்கியதிலிருந்து வளர்ந்த நம் லுத்தரன் சபைகளுக்கும் இதுதான் மூல அறிக்கை. ஆங்கிலிக்கன் மரபில் இதைப் பற்றி வழங்கும் சொலவடை ஒன்று உண்டு: எல்லோரும் போகலாம், யாரும் போயே ஆக வேண்டும் என்பதில்லை, சிலர் போவது நல்லது. மெதடிஸ்டு மரபில் ஜான் வெஸ்லி 1738-இல் சிறு குழுக்களுக்கு விதிகள் எழுதியபோது, கடந்த கூட்டத்துக்குப் பிறகு தெரிந்து செய்த பாவம் என்ன என்று ஒருவரையொருவர் கேட்கும்படி வைத்தார். ஹிட்லர் காலத்து ஜெர்மனியில் ஃபின்கன்வால்டே இறையியல் பள்ளியை நடத்திய டீட்ரிக் போன்ஹோஃபர், தன் மாணவர்களை ஒரு சகோதரனிடம் பாவ அறிக்கை செய்யப் பழக்கினார். அந்த மாணவர்கள் லுத்தரன் பின்னணியில் வளர்ந்தவர்கள். அவர்களுக்கே அது புதிதாக இருந்தது.

இந்த வழி யாருக்கு அதிகம் தேவைப்படும்? மன்னிக்கப்பட்டோம் என்று நம்பவே முடியாதவர்களுக்கு. நூறு முறை தனியாக ஜெபித்தும் நூற்றியோராவது முறையும் அதே பாவத்துக்காக அழுகிறவர்களுக்கு. "உன் பாவம் மன்னிக்கப்பட்டது" என்பதை இன்னொரு வாய் சொல்லிக் கேட்க வேண்டும். தனக்குத் தானே சொல்லிக்கொண்டால் அது காதில் ஏறாது. ஆனால் ஓர் எச்சரிக்கையும் உண்டு. இளம் துறவியாக இருந்த லூத்தர் மணிக்கணக்காகப் பாவசங்கீர்த்தனம் செய்துவிட்டு, ஏதோ விட்டுப்போயிற்று என்று திரும்பவும் ஓடிப்போவாராம். இப்படி முடிவே இல்லாமல் சொல்லிக்கொண்டே இருக்கத் தோன்றினால், ஒரே ஆன்ம ஆலோசகரை வைத்துக்கொண்டு அவர் போதும் என்று சொல்வதற்குக் கீழ்ப்படிவது நல்லது. இது மனநோயின் அறிகுறியாகவும் இருக்கலாம். மனநல மருத்துவரைப் பார்ப்பதில் விசுவாசக் குறைவு ஒன்றுமில்லை.

நடைமுறைச் சிக்கல்களும் இருக்கின்றன. கத்தோலிக்கர் அல்லாதவர் ஃபாதரிடம் போய் மனம்விட்டுப் பேசலாம், ஆலோசனை கேட்கலாம். சாதாரணச் சூழ்நிலையில் அருட்சாதனமாகப் பாவப்பொறுத்தல் பெற முடியாது. சி.எஸ்.ஐ. போன்ற சபைகளில் ஐயர் என்று அழைக்கப்படும் போதகரிடம் சொல்லலாம்தான். ஆனால் சின்ன ஊரில் ஐயருக்கு எல்லாக் குடும்பமும் தெரியும், சேகரத் தேர்தல் (அவர் பொறுப்பில் உள்ள சபை வட்டாரத்தின் தேர்தல்) என்று வந்தால் யார் எந்த அணி என்பதும் தெரியும். அந்தத் தயக்கம் நியாயமானது. வேறு சேகரத்தில் இருக்கும், வயதில் மூத்த, ஓய்வுபெற்ற ஒரு போதகரைத் தேடிப்போங்கள். பேசத் தொடங்கும் முன்பே, இது உங்களோடு இருக்கட்டும் என்று கேட்டு வாக்கு வாங்கிக்கொள்ளுங்கள்.

இங்கே நியாயத்தீர்ப்பைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும், ஏனென்றால் பலரை அறிக்கைக்குத் தள்ளுவது அந்தப் பயம்தான். மரித்த உடனே ஒவ்வொருவருக்கும் தனித்தீர்வை, உலக முடிவில் பொதுத்தீர்வை என்பது கத்தோலிக்கப் போதனை. மன்னிக்கப்பட்ட பாவத்துக்கும் தற்காலிகத் தண்டனை மீதியிருக்கலாம், அது உத்தரிக்கிற ஸ்தலத்தில் தீரும் என்பது அதன் தொடர்ச்சி. சீர்திருத்தச் சபைகள் உத்தரிக்கிற ஸ்தலத்தை ஏற்பதில்லை. கிறிஸ்துவுக்குள் இருப்பவனுக்கு ஆக்கினைத்தீர்ப்பு இல்லை என்ற ரோமர் 8-ஆம் அதிகாரத்தில் அவர்கள் நிற்கிறார்கள். ஆனால் அதே பவுல்தான், நாம் எல்லோரும் கிறிஸ்துவின் நியாயாசனத்துக்கு முன்பாக நிற்க வேண்டும் என்று கொரிந்தியருக்கு எழுதினார். பயத்தினால் மட்டும் வரும் மனஸ்தாபம் செல்லுமா என்பது பழைய விவாதம். அதுவும் கடவுளின் கொடைதான், குறைவுள்ளதானாலும் அருட்சாதனத்துக்கு அழைத்துப்போகும் என்றது திரெந்து சங்கம். பயம் மட்டும் போதாது, கிறிஸ்துவினிமித்தம் மன்னிப்பு உண்டு என்ற விசுவாசமும் சேர வேண்டும் என்றார்கள் லூத்தரைச் சேர்ந்தவர்கள். பயந்துகொண்டு வருகிறவரை இரண்டு பக்கமும் வாசலிலேயே நிறுத்திவிடவில்லை. ஆகவே "நான் நரகத்துக்குப் பயந்துதானே வருகிறேன், இது உண்மையான மனந்திரும்புதலா" என்று யோசித்துத் தள்ளிப்போடாதீர்கள். எந்தக் காரணத்தினால் கிளம்பினாலும் சரி, கிளம்புங்கள்.

இனி மூன்றாவது வழி. எனக்கு மிக முக்கியமானதாகப் படுவதும், நாம் மிகவும் தட்டிக்கழிப்பதும் இதுதான்.

பலிபீடத்தில் காணிக்கை செலுத்த வந்தவனுக்கு, தன்மேல் சகோதரனுக்குக் குறை உண்டென்று அங்கே நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டு முதலில் போய் ஒப்புரவாகு என்கிறார் இயேசு. ஆராதனை காத்திருக்கட்டும் என்கிறார். எண்ணாகமம் 5-ஆம் அதிகாரம் இன்னும் கறாரானது: பாவத்தை அறிக்கையிட வேண்டும், இழப்பை முதலோடு திருப்பித் தர வேண்டும், அதோடு ஐந்தில் ஒரு பங்கு கூட்டித் தர வேண்டும். வரி வசூலிப்பவர்களின் தலைவனான சகேயு அதையும் தாண்டி, அநியாயமாய் வாங்கியதை நாலத்தனையாகத் திரும்பச் செலுத்துகிறேன் என்றான். அதைக் கேட்ட பிறகுதான், இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்று இயேசு சொன்னார். பணத்தால் இரட்சிப்பை வாங்கினான் என்று இதற்கு அர்த்தமில்லை. அவனுக்குள் வந்த இரட்சிப்பு பணப்பெட்டி வரைக்கும் வந்துவிட்டது என்பதுதான் அர்த்தம்.

நிலத்தை வைத்திருக்கும் தம்பிக்கு இதைவிடத் தெளிவான பதில் வேண்டியதில்லை. அவர் ஆண்டவரிடம் அழலாம், ஃபாதரிடம் சொல்லலாம். ஆனால் அக்காவின் பங்கை அக்கா பெயருக்கே எழுதித் தராதவரை அந்தப் பாவம் இன்னும் நடந்துகொண்டேதான் இருக்கிறது. நேர்மையான எந்தக் குருவும் அவரிடம் இதைத்தான் சொல்வார். திருடியதைத் திருப்பித் தருவது சாதாரண நீதி, பாவப்பொறுத்தல் கிடைத்ததால் அந்தக் கடன் அழிந்துவிடாது என்று கத்தோலிக்க மறைக்கல்வியும் சொல்கிறது. நிலத்தை விற்றிருந்தால் அக்காவின் பங்கை இன்றைய மதிப்பில் கணக்குப் போட்டுக் கொடுக்க வேண்டும். "அப்பவே சொல்லியிருந்தா நீங்களே எனக்கு விட்டுக்கொடுத்திருப்பீங்க" என்பது போன்ற பேச்சு எதுவும் கூடாது. "அக்கா, அன்னைக்கு உங்ககிட்ட பொய் சொல்லிக் கையெழுத்து வாங்கினேன். இது உங்க பங்கு" என்றால் போதும். அவர் மன்னிப்பதும் மன்னிக்காததும் அவருடைய உரிமை. அழுதுகொண்டே நின்று அவரைக் கட்டாயப்படுத்தக் கூடாது.

யூதாஸை இங்கே நினைத்துப் பார்க்கிறேன். அவனும் மனஸ்தாபப்பட்டான். முப்பது வெள்ளிக்காசைத் திருப்பிக் கொண்டுவந்தான். குற்றமில்லாத இரத்தத்தைக் காட்டிக்கொடுத்தேன், பாவம் செய்தேன் என்று வாய்விட்டுச் சொன்னான். கேட்டவர்களோ, "எங்களுக்கென்ன, அது உன்பாடு" என்று கைகழுவிவிட்டார்கள். அறிக்கை இருந்தது, திருப்பிக் கொடுத்ததும் இருந்தது. கேட்டவர்களிடம் இரக்கம் துளியும் இருக்கவில்லை. பேதுருவும் யூதாஸ் காட்டிக்கொடுத்த அதே இரவில் இயேசுவைத் தெரியாது என்று மறுதலித்து மனங்கசந்து அழுதான், ஆனால் மற்றச் சீடர்களை விட்டுப் போய்விடவில்லை. உயிர்த்தவர் கடற்கரையில் தேடி வந்தபோது அவன் அங்கே இருந்தான். மூன்றாவது வழியில் போகிறவர்கள் இரண்டாவது வழியையும் கூட வைத்துக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்வது இதனால்தான். பாதிக்கப்பட்டவர் கதவைச் சாத்திவிட்டால், விழாமல் பிடித்துக்கொள்ள ஒரு போதகரோ நண்பரோ வேண்டும்.

எல்லாவற்றையும் போய்ச் சொல்லியே ஆக வேண்டும் என்பதும் சரியில்லை. மனதுக்குள் ஒருவர்மேல் பொறாமைப்பட்டதையோ ஆசைப்பட்டதையோ அவரிடமே போய்ச் சொன்னால், நம் பாரம் இறங்கும், அவருக்குப் புதிதாக ஒன்று ஏறும். அது கடவுளோடும் ஆன்ம ஆலோசகரோடும் முடிய வேண்டியது. நம் குரலைக் கேட்டாலே நடுங்கும் அளவுக்கு ஒருவரைக் காயப்படுத்தியிருந்தால், நேரில் போய் நிற்பதே இன்னொரு வன்முறை ஆகிவிடும். குழந்தைகளுக்கு இழைத்த பாலியல் கொடுமை போன்ற குற்றம் என்றால், பேச்சே வேறு. பாவ மன்னிப்பு சட்டத்திலிருந்து தப்பும் வழி ஆகாது. 2012-இன் போக்சோ சட்டப்படி அது தெரிந்தவர்கள் காவல்துறையிடம் தெரிவித்தாக வேண்டும். சபையின் பெயர் கெட்டுவிடும் என்று பாதிக்கப்பட்ட பிள்ளையிடம் "மன்னித்துவிடு" என்று சொல்லும் மூப்பர்கள் சுவிசேஷத்தைப் பிரசங்கிக்கவில்லை. கடன் மன்னிக்கப்பட்டும் தன் உடன் வேலைக்காரனின் கழுத்தைப் பிடித்த ஊழியக்காரனின் உவமையை மத்தேயு 18-இல் படிக்கிறோம். அதே அதிகாரத்தின் தொடக்கத்தில், சிறியவர்களில் ஒருவனுக்கு இடறல் உண்டாக்குகிறவன் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவது அவனுக்கு நலம் என்றும் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

நான்காவதான சாட்சி மேடையைப் பற்றி அதிகம் பேச விரும்பவில்லை. பலர் அறியச் செய்த பாவத்துக்குப் பலர் அறிய மன்னிப்புக் கேட்பது சரி. சபைப் பணத்தைக் கையாடிய பொருளாளர் சபையிடம்தான் சொல்ல வேண்டும். மற்றபடி, ஒலிபெருக்கியில் சொல்லும் பாவங்கள் எப்போதும் பழையவை, சொல்லப் பாதுகாப்பானவை. கைதட்டல் கிடைத்துவிடும், அதோடு மனந்திரும்புதலின் வேலையும் நின்றுபோகும். அந்தக் கதையில் வரும் மனைவியும் பிள்ளைகளும் முன்வரிசையில் தலைகுனிந்து உட்கார்ந்திருப்பார்கள்; அவர்களிடம் யாரும் அனுமதி கேட்டிருக்கமாட்டார்கள்.

ஆக, தம்பிக்கு நான் சொல்லும் வரிசை இது. முதலில் கடவுளிடம், பாவத்தின் பெயரைச் சொல்லி. அந்த வாரமே குருவானவரிடமோ போதகரிடமோ, தைரியத்துக்காகவும், பின்வாங்காமல் இருப்பதற்காகவும். பிறகு காலம் கடத்தாமல் அக்காவிடம், வெறுங்கையோடு போகாமல் பத்திரத்தோடு. கத்தோலிக்கராக இருந்தால் நடுப்படி கட்டாயம், மற்றவர்களுக்கு நல்லது. கடைசிப் படி எல்லோருக்கும் கட்டாயம்.

அக்கா இறந்துவிட்டிருந்தால் என்ன செய்வது என்று சிலர் கேட்பார்கள். எண்ணாகமத்தின் அதே பகுதி அதையும் யோசித்து வைத்திருக்கிறது. வாங்கிக்கொள்ள ஆள் இல்லாவிட்டால் உரிமையுள்ள உறவினருக்கு, அப்படியும் யாரும் இல்லாவிட்டால் கர்த்தருக்கென்று ஆசாரியனிடம் சேர வேண்டும் என்கிறது. அக்காவின் பிள்ளைகள் இருந்தால் அவர்களுக்கு, யாருமே இல்லையென்றால் சகேயுவைப் போல ஏழைகளுக்கு. எப்படியும் அந்த நிலம் தம்பியிடம் தங்கக் கூடாது.